புல்லு எவ்ளோ உயரம் இருக்கணும்னு யார் முடிவு பண்றது?

ஒரு கம்பு, அதுல பட்டை பட்டையா கோடு. ஒருத்தர் அத புல்லுக்கு நடுவுல நட்டு பிடிச்சுக்குவார், இன்னொருத்தர் 4 மீட்டர் தள்ளிப் போய் கண்ணு தரையில இருந்து 1 மீட்டர் உயரத்துல இருக்குற மாதிரி குனிஞ்சு பார்ப்பார், புல்லு மறைக்காம கண்ணுக்கு தெரியுற கடைசிப் பட்டை எதுவோ அந்த நம்பர நோட்ல எழுதிக்குவார். ரோபெல் கம்புன்னு பேரு. பார்க்க ஸ்கூல் பசங்க ப்ராஜெக்ட் மாதிரி தான் இருக்கும். ஆனா அமெரிக்காவோட அரசாங்க புல்வெளிகள்ல மாடு எத்தன விடலாம், எத்தன நாள் விடலாம்ங்கிற பேச்சு வந்தா இந்த நம்பரும் கூடவே வந்து உக்காந்துக்கும்.

சரி, புல்லு அந்த உயரம் இருந்தா போதும், இல்ல போதாதுன்னு சொன்னது யாரு? மாடு வச்சிருக்கவரா, பறவை பார்க்கிறவரா, ஆபீசரா? ஒருத்தரும் தனியா சொல்லல. பல வருஷத்துக்கு முன்னாடி எழுதி வச்ச ஒரு பெரிய பிளான் சொல்லுது. அந்த பிளான எப்படி மாத்துறாங்க, ஏன் மாத்துறதுக்குள்ள உயிர் போயிடுதுங்கிறது தான் இங்க விஷயம்.

முதல்ல இந்த புல்வெளி அரசாங்கத்துக்கு எப்படி வந்துச்சுன்னு தெரியணும், இல்லாட்டி மீதி எதுவும் புரியாது. 1862-ல இருந்து அமெரிக்க அரசாங்கம் குடியேற வந்தவங்களுக்கு ஆளுக்கு 160 ஏக்கர்னு நிலத்த குடுத்துச்சு (அது அதுக்கு முன்னாடி பழங்குடி மக்களோட மண்ணு, அது தனி வரலாறு). மழை நல்லா பெய்யுற கிழக்குப் பக்கம் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்கு தாராளம், ஆனா மேற்க போகப் போக மழை குறையும், அங்க அதே 160 ஏக்கர வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. இருந்தும் உழுதாங்க. முதல் உலகப்போர் நேரத்துல கோதுமை வெல ஏறுச்சு, இன்னும் உழுதாங்க. 1930-கள்ல வறட்சி வந்தப்போ மண்ண பிடிச்சு வைக்க புல்லு வேர் இல்ல, மண்ணு அப்படியே காத்துல கிளம்பிடுச்சு. 1935 ஏப்ரல் 14-ஆம் தேதிய அங்க இன்னைக்கும் கறுப்பு ஞாயிறுன்னு தான் சொல்றாங்க, பட்டப்பகல்ல கை முன்னாடி நீட்டினா கை தெரியாத அளவுக்கு புழுதி.

விவசாயம் பண்ணவே முடியாதுன்னு ஆன நிலத்த அரசாங்கமே விலைக்கு வாங்க ஆரம்பிச்சுது. 1937-ல பேங்க்ஹெட் ஜோன்ஸ் சட்டம்னு ஒண்ணு வந்து இதுக்கு ஒரு ஒழுங்கு குடுத்துச்சு. மொத்தமா ஏறக்குறைய 1 கோடியே 13 லட்சம் ஏக்கர் வாங்கினாங்க. வாங்கி, திரும்ப புல்லு விதைச்சு, அதுல கொஞ்சம் வேற வேற துறைக்கு குடுத்தது போக மிச்சம் இருந்தத 1954-ல ஃபாரஸ்ட் சர்வீஸ்ங்கிற அமெரிக்க வனத்துறை கையில குடுத்தாங்க, 1960-ல அதுக்கு நேஷனல் கிராஸ்லேண்ட்னு பேரு வச்சாங்க. இப்போ மொத்தம் 20 இருக்கு, சேர்த்துப் பார்த்தா 38 லட்சம் ஏக்கர் பக்கம்.

மேப்ப பார்த்தீங்கன்னா செஸ் போர்டு மாதிரி இருக்கும். வித்துட்டுப் போனவன் நிலம் அரசாங்கத்துது, பக்கத்துல விக்காம தாக்குப் பிடிச்சவன் நிலம் அவனுது, அதுக்கு அடுத்தது மறுபடி அரசாங்கம். அதனால நம்ம மேய்ச்சல் புறம்போக்கு மாதிரி ஊருக்கு ஒரு ஓரமா ஒரே துண்டா இருக்கும்னு நினைச்சுக்காதீங்க, அங்க அரசாங்க நிலத்துல நடக்குற எதுவா இருந்தாலும் வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் வீட்டு வாசல்ல போய் நிக்கும். இத மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வருது.

இப்போ பிளானுக்கு வருவோம். 1976-ல நேஷனல் ஃபாரஸ்ட் மேனேஜ்மென்ட் ஆக்ட்னு ஒரு சட்டம். ஒவ்வொரு காட்டுக்கும் புல்வெளிக்கும் ஒரு நீண்டகால பிளான் இருக்கணும், 15 வருஷத்துக்கு ஒரு தடவையாவது அத திருத்தி எழுதணும்னு அது சொல்லுது. பிளான்னு கேட்டதும் நான் முதல்ல நினைச்சது ஏதோ வேலை லிஸ்ட்டு மாதிரின்னு, இந்த வருஷம் இங்க வேலி, அடுத்த வருஷம் அங்க தண்ணித் தொட்டி அப்படின்னு. அது கிடையாது. பிளான் ஒரு மாட்டுக்கும் பர்மிட் குடுக்காது, ஒரு எண்ணெய்க் கிணறுக்கும் அனுமதி குடுக்காது. எந்த இடத்துல எதுக்கு இடம் உண்டு, எதுக்கு இடம் இல்ல, நிலம் கடைசில எப்படி இருக்கணும், அதுவரைக்கும் தான் அது பேசும். அதுக்கு அப்புறம் வர்ற ஒவ்வொரு பர்மிட்டும் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டும் அந்தக் கோட்டுக்குள்ள நிக்கணும். 1998-ல ஓஹயோவுல ஒரு காட்டுப் பிளான எதிர்த்து சியாரா கிளப்ங்கிற சுற்றுச்சூழல் அமைப்பு போட்ட கேஸ்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே, பிளான் தானா ஒரு மரத்தையும் வெட்டல, வெட்டுறதுன்னு முடிவு பண்ணும்போது வாங்க, இப்போ நேரம் வரலன்னு திருப்பி அனுப்பிடுச்சு.

அப்போ பிளான் ஒண்ணும் பெருசில்லன்னு தோணும். அங்க தான் ஏமாறுவோம். நாளைக்கு ஒரு ப்ராஜெக்ட் வரும்போது நீங்க போய் இந்த இடத்துல இது கூடவே கூடாதுன்னு சொன்னா, பிளான்ல இங்க இது ஓகேன்னு அன்னைக்கே போட்டாச்சேன்னு பதில் வரும். மொத்த புல்வெளியும் ஒரே நேரத்துல மேசை மேல வர்றது பிளான திருத்துற அந்த சில வருஷம் மட்டும் தான், மத்த நேரமெல்லாம் துண்டு துண்டா தான் பேச முடியும்.

பிளானுக்குள்ள என்ன இருக்கும்? 2012-ல ஃபாரஸ்ட் சர்வீஸ் கொண்டு வந்த ரூல் படி முக்கியமா அஞ்சு விதமான விஷயம் இருக்கணும். நிலம் எப்படி இருக்கணும்ங்கிற விவரிப்பு, அத விரும்பிய நிலைன்னு வச்சுக்கலாம். அப்புறம் இத்தன வருஷத்துக்குள்ள இவ்ளோன்னு அளந்து பார்க்கக் கூடிய இலக்கு. எந்த இடம் எந்த வேலைக்கு ஏத்ததுங்கிற பட்டியல். இந்த மூணையும் வேகமா தாண்டிடலாம், ஏன்னா சண்டை நடக்குறது மீதி ரெண்டுல: ஸ்டாண்டர்ட், கைட்லைன். ஸ்டாண்டர்ட்னா கட்டாயம், மீற முடியாது, மீறணும்னா பிளானையே திருத்தணும். கைட்லைன்னா அதோட நோக்கம் நிறைவேறுற வரைக்கும் வேற வழியிலயும் போகலாம். ஒரே வாக்கியம் தான், எந்த தலைப்புக்குக் கீழ போட்டாங்கங்கிறத வச்சு அதுக்கு பல்லு இருக்கா இல்லையான்னு ஆயிடும். விரும்பிய நிலைங்கிற பகுதியில அழகழகா எழுதி இருப்பாங்க, ஆரோக்கியமான, பல்வகைமை நிறைஞ்ச, அது இதுன்னு. படிக்க நல்லா இருக்கும். என்னைக் கேட்டா அத படிச்சு சந்தோஷப்பட்டு மூடி வச்சுடாதீங்க, அதுக்குக் கீழ ஸ்டாண்டர்ட் எத்தன இருக்குன்னு எண்ணுங்க.

திரும்ப புல்லு உயரத்துக்கு வர்றேன். நார்த் டகோட்டா, சவுத் டகோட்டா பக்கம் டகோட்டா பிரெய்ரி கிராஸ்லேண்ட்ஸ்னு நாலு புல்வெளிய சேர்த்து ஒரே நிர்வாகமா வச்சிருக்காங்க. அதுல லிட்டில் மிசூரி ஒண்ணு மட்டுமே 10 லட்சம் ஏக்கருக்கு மேல, இருக்கறதுலயே அது தான் பெருசு. 1990-கள் கடைசில இதுக்கும், நெப்ராஸ்கா, வயோமிங் பக்கம் இருக்குற புல்வெளிகளுக்கும் சேர்த்து ஒரே மூச்சா பிளான் திருத்த ஆரம்பிச்சாங்க. புல்லு மொத்தமும் ஒரே உயரமா இருக்கக் கூடாது, இவ்ளோ சதவீதம் உயரமா, இவ்ளோ நடுத்தரமா, இவ்ளோ குட்டையான்னு கலந்து இருக்கணும்னு போட்டாங்க. ஏன்னா ஷார்ப் டெயில்ட் க்ரவுஸ்னு காட்டுக்கோழி மாதிரி ஒரு பறவை, அதுக்கு முட்டை வச்சு மறைஞ்சு உக்கார போன வருஷத்து உயரமான புல்லு வேணும். பொந்துல இருக்குற ஆந்தைக்கும் மவுண்டன் ப்ளோவர்ங்கிற பறவைக்கும் நேர் எதிர், மொட்டையா குட்டையா இருந்தா தான் பிடிக்கும். மாட்டுக்காரருக்கு, திங்கறதுக்குன்னு வளர்ந்த புல்ல திங்க விடாம நிக்க வச்சிருக்கறது வயித்தெரிச்சல். எனக்கு தெரிஞ்சு இதுல யாரும் தப்பா பேசல, அதான் சிக்கலே.

அந்த டகோட்டா பிளான் 2002-ல கையெழுத்தாச்சு, ஆனா மேய்ச்சல் பகுதிய மட்டும் தனியா நிறுத்தி வச்சாங்க. அவ்ளோ எதிர்ப்பு. இந்த நம்பர் நடைமுறையில சாத்தியமா, மாடு எவ்ளோ குறையும்னு வெளியில இருந்து விஞ்ஞானிகள் குழு ஒண்ணு போட்டுப் பார்க்க சொல்லி, மேய்ச்சல் முடிவு 2006-ல தான் வந்துச்சு. அங்க மேய்ச்சல அளக்குறதுக்கு ஒரு கணக்கு உண்டு, ஒரு மாடும் அதோட கன்னும் ஒரு மாசம் திங்கிற அளவு ஒரு யூனிட். ரான்ச், அதாவது மாட்டுப் பண்ணை, விக்கும்போது வாங்கும்போது பேங்க்ல கடன் கேக்கும்போது கூட இந்த பர்மிட் யூனிட் எத்தனன்னு பார்ப்பாங்க, அதனால பிளான்ல ஒரு சதவீதம் மாறினா அது ஒருத்தர் சொத்து மதிப்புல போய் இடிக்கும்.

சரி, ஒரு தடவை கஷ்டப்பட்டு எழுதியாச்சு, எதுக்கு திரும்பத் திரும்ப மாத்தணும்? நிலம் மாறுது, சட்டம் மாறுது, விலை மாறுது. டகோட்டாவுல 2002-ல பிளான் போடும்போது பேக்கன்ங்கிற பாறையடுக்குல எண்ணெய் எடுக்குற அலை வரல. அதுக்கு சில வருஷம் கழிச்சு கிடைமட்டமா துளை போட்டு பாறைய உடைச்சு எண்ணெய் எடுக்குற டெக்னிக் வந்து, ரோடு, லாரி, கேஸ் எரியுற நெருப்புன்னு அந்த ஏரியாவே வேற மாதிரி ஆயிடுச்சு. அந்த நாலுல ஒண்ணான ஷெயன் புல்வெளியில இன்னொரு கதை, லீஃபி ஸ்பர்ஜ்னு ஒரு வந்தேறிக் களை, மஞ்சப் பூ பூக்கும், மாடு தொடாது, அது பரவுற இடத்துல தான் அழியுற ஆபத்துல இருக்குற ஒரு வெள்ளை ஆர்க்கிட் பூவும் இருக்கு, மருந்து அடிச்சா ரெண்டும் போகும்.

ஆனா பிளான் ஏன் மாறுது, எப்படி மாறுதுன்னு புரிஞ்சுக்க ஒரே ஒரு உதாரணம் போதும்னா நான் வயோமிங்ல இருக்குற தண்டர் பேசின் புல்வெளிய சொல்லுவேன். அங்க ஹீரோ வில்லன் ரெண்டுமே பிரெய்ரி டாக். பேர்ல தான் டாக், அது அணில் குடும்பம், கும்பல் கும்பலா பொந்து தோண்டி வாழும், நரி வருதா பருந்து வருதான்னு பார்க்க சுத்தி இருக்குற புல்லையெல்லாம் கடிச்சு குட்டையா வச்சுக்கும். மாட்டுக்காரருக்கு இது கண்ணுல குத்துற முள்ளு, மாடு திங்க வேண்டிய புல்ல இது திங்குது, வறட்சி வருஷத்துல சொல்லவே வேணாம். அதோட மேல செஸ் போர்டுன்னு சொன்னேன்ல, அரசாங்க கட்டத்துல பெருகினது வேலி தாண்டி அவர் சொந்த நிலத்துக்கு வந்துடும், பெருக விட்டது யாரோ, புல்லு போறது இவருக்கு.

இந்தப் பக்கம் பார்த்தா, கறுங்கால் ஃபெர்ரெட்னு கீரி மாதிரி ஒரு பிராணி, அது திங்கறதே பெரும்பாலும் பிரெய்ரி டாக் தான், தங்குறதும் அதோட பொந்துல தான். பிரெய்ரி டாக்க விஷம் வச்சு கொன்னதுல இது உலகத்துலயே இல்லன்னு நினைச்சாங்க. 1981-ல வயோமிங்ல மீட்டீட்ஸிங்கிற ஊர் பக்கம் ஒரு ரான்ச் வீட்டு நாய், செத்த ஃபெர்ரெட் ஒண்ண வாயில கவ்விட்டு வந்து வாசல்ல போட்டுச்சு, அப்போ தான் இன்னும் மிச்சம் இருக்குன்னே தெரிஞ்சுது. கடைசில 18 தான் மிஞ்சுச்சு, அத பிடிச்சு கூண்டுல இனப்பெருக்கம் பண்ணி திரும்ப விட்டாங்க, அப்படி விட்டதுல நல்லா பிழைச்ச இடங்கள்ல ஒண்ணு சவுத் டகோட்டாவுல பஃபலோ கேப் புல்வெளியில இருக்குற கோனாட்டா பேசின்.

தண்டர் பேசினோட 2002 பிளான், ஒரு பெரிய பகுதிய ஃபெர்ரெட் திரும்ப வர்றதுக்கான இடம்னு பேரு போட்டு ஒதுக்குச்சு. ஃபெர்ரெட்ட அங்க கொண்டு வந்து விடவே இல்ல, அது வேற கூத்து. பிரெய்ரி டாக் மட்டும் பெருகுச்சு. 2009-ல பிளான்ல ஒரு திருத்தம், 2017-ல அதோட குடியிருப்பு 75,000 ஏக்கருக்கு மேல போயிடுச்சு. மாட்டுக்காரங்க கொதிச்சுப் போனாங்க. அதே வருஷம் பிளேக் வந்துச்சு. மனுஷனுக்கு வந்த அதே பிளேக் தான், அமெரிக்காவுக்கு 1900 வாக்குல கப்பல்ல வந்து இறங்கினது, தெள்ளுப்பூச்சி மூலமா பரவும், பிரெய்ரி டாக் கும்பல்ல நுழைஞ்சா துடைச்சு எடுத்துடும். 75,000 ஏக்கர் இருந்தது ஒரே வருஷத்துல ஆயிரம் ஏக்கர் பக்கத்துக்கு வந்துடுச்சு.

இப்போ அந்த ஆபீசர் இடத்துல உங்கள வச்சுப் பாருங்க. பிளான்ல என்ன நம்பர் போடுவீங்க? கூடுதலா இருந்த வருஷத்த வச்சுப் போட்டா ஒரு நம்பர், அடுத்த வருஷத்த வச்சுப் போட்டா வேற நம்பர். 2020-ல வந்த திருத்தத்துல 10,000 ஏக்கர்னு இலக்கு வச்சாங்க, ஃபெர்ரெட்டுக்கான பகுதிங்கிற பேரையே எடுத்துட்டு குட்டைப் புல்லுக்கு முக்கியத்துவம் குடுக்குற பகுதின்னு மாத்தினாங்க, தனியார் நிலத்த ஒட்டின எல்லையில பிரெய்ரி டாக்க கட்டுப்படுத்த வழி விட்டாங்க. ஃபெர்ரெட்டுக்காக பேசுறவங்களுக்கு 10,000 ஏக்கர் பத்தாது, மாட்டுக்காரங்களுக்கு அதுவே ஜாஸ்தி. எனக்கு அந்த பேர் மாத்தினது தான் ரொம்ப உறுத்துச்சு, ஏன்னா இலக்கு நம்பர் நாளைக்கு கூடக் குறைய ஆகலாம், ஆனா ஒரு இடம் யாருக்காகன்னு எழுதி இருந்தத அழிச்சா அத திரும்ப எழுத வைக்குறது லேசு இல்ல.

கவனிச்சீங்களா, தண்டர் பேசின்ல நான் திருத்தம்னு சொன்னதெல்லாம் அமெண்ட்மென்ட். 15 வருஷத்துக்கு ஒரு தடவை பண்ண வேண்டிய ரிவிஷன் வேற. அமெண்ட்மென்ட்னா பஞ்சர் ஒட்டுறது, ரிவிஷன்னா டயரையே மாத்துறது. பஞ்சர் ஒட்டுறது சீக்கிரம் முடியும், செலவு கம்மி, ஆனா ஒரே பிரச்சினைய மட்டும் பார்க்கும்.

டயர மாத்துற வேலை எப்படி நடக்கும்னா, 2012 ரூல் படி முதல்ல அசெஸ்மென்ட், அதாவது இப்போ நிலம் எப்படி இருக்கு, தண்ணி, மண்ணு, புல்லு, அந்த ஊர் பொருளாதாரம் எல்லாம் எந்த நிலையில இருக்குன்னு ஒரு அறிக்கை. அதுல இருந்து பழைய பிளான்ல எது செல்லல, எத மாத்தணும்னு பட்டியல் எடுப்பாங்க. அப்புறம் திருத்தப் போறோம்னு அரசிதழ்ல அறிவிப்பு, வரைவு பிளான், கூடவே சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை, அதுல ஒரே வழிய மட்டும் காட்டக் கூடாது, பழைய பிளான் அப்படியே தொடர்ந்தா என்ன ஆகும்ங்கிறதுல இருந்து மூணு நாலு மாற்று வழி வச்சு ஒப்பிட்டுக் காட்டணும். அதுக்கு மேல மக்கள் கருத்து சொல்ல 90 நாள். பழங்குடி அரசுகளோட பேசுறது இந்த கியூல வராது, அது அரசுக்கும் அரசுக்கும் நடுவுல தனியா நடக்கணும்.

இந்த கருத்து சொல்றத நிறைய பேர் ஓட்டுப் போடுறதுன்னு நினைச்சுக்குறாங்க. ஒரே மாதிரி லெட்டர் பத்தாயிரம் வந்தாலும் அது ஒரு கருத்தா தான் எடுத்துக்குவாங்க, அதே சமயம் ஒரே ஒருத்தர், இந்த ஓடைக்கு வடக்க நீங்க போட்டிருக்குற மேப் தப்பு, அங்க களை வந்து அஞ்சு வருஷம் ஆச்சுன்னு எழுதினா அதுக்கு தனியா பதில் சொல்லியாகணும். இன்னொரு முக்கியமான விஷயம், இறுதி வரைவு வந்ததும் கையெழுத்துக்கு முன்னாடி ஆட்சேபணை சொல்ல 60 நாள் உண்டு, ஆனா முதல்லயே முறைப்படி கருத்து பதிவு பண்ணினவங்க மட்டும் தான் சொல்ல முடியும், அதுவும் பெரும்பாலும் அவங்க ஏற்கனவே எழுப்பின விஷயத்துல தான். அப்போ சும்மா இருந்துட்டு கடைசில வந்து குதிச்சா கதவு சாத்தியிருக்கும். கையெழுத்தான பிறகு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கண்காணிப்பு அறிக்கை வரணும், அந்த கம்பு நம்பரெல்லாம் போய் சேருறது அங்க தான்.

இதெல்லாம் 15 வருஷத்துக்கு ஒரு தடவை ஒழுங்கா நடக்குதான்னா, இல்ல. சீபோலாங்கிற நேஷனல் ஃபாரஸ்டோட 1985 பிளான்ல நியூ மெக்சிகோ மலைக்காடும், டெக்சாஸ், ஓக்லஹோமா வரைக்கும் கிடக்குற கயோவா, ரீட்டா பிளாங்கா, பிளாக் கெட்டில், மெக்லெலன் கிரீக் புல்வெளிகளும் ஒண்ணா கிடந்துச்சு. பைன் மரத்துக்கு எழுதின பிளான்ல புல்லு ஒரு ஓரமா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அந்த புல்வெளிகளுக்குன்னு தனி பிளான் கிடைச்சது 2012-ல, 27 வருஷம் கழிச்சு. கொலராடோ, கன்சாஸ் பக்கம் இருக்குற கமான்சி, சிமரான் புல்வெளிகளோட 1984 பிளான் 2020-லயும் ஓடிக்கிட்டு தான் இருந்துச்சு, அதுவும் மலைக்காட்டோட சேர்ந்த பிளான் தான், புழுதிப்புயல் அடிச்ச அதே மண்ணு அது. 15 வருஷம் தாண்டினா சட்ட மீறல் இல்லையான்னு கேட்டா, அதுக்கும் ஒரு வழி வச்சிருக்காங்க, அமெரிக்க காங்கிரஸ் வருஷா வருஷம் பட்ஜெட் சட்டத்துல ஒரு வரி சேர்த்துடும், 15 வருஷம் தாண்டினதுங்கிற ஒரே காரணத்துக்காக இது சட்ட மீறல் ஆகாதுன்னு. ஆளும் பணமும் பத்தலங்கிறது உண்மை தான். ஆனா கெடு வச்சவனே கெடுவ தள்ளி வச்சுக்கிட்டே போனா அது என்ன கெடு?

இப்படி ஒரு பிளான எப்பவாவது இறக்கிப் படிக்கணும்னு தோணுச்சுன்னா முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிக்காதீங்க, தூக்கம் வந்துடும். மேப்ப எடுங்க, ஒரே ஒரு கட்டத்த தேர்ந்தெடுங்க, அந்த கட்டத்துக்கு என்ன நம்பர் போட்டு என்ன பேர் வச்சிருக்காங்கன்னு பாருங்க, அந்த பேருக்குக் கீழ இருக்குற ஸ்டாண்டர்ட மட்டும் படிங்க, அப்புறம் பழைய பிளான்ல அதே கட்டத்துக்கு என்ன பேர் இருந்துச்சுன்னு தேடுங்க. ரெண்டும் வேற வேறயா இருந்தா, நடுவுல யாரோ யாரோடயோ வருஷக்கணக்கா உக்காந்து மல்லுக்கட்டி இருக்காங்கன்னு அர்த்தம், அது என்ன சண்டைன்னு பின்னிணைப்புல கருத்துக்களுக்கான பதில்கள்னு ஒரு பகுதி இருக்கும், அதுல கிடைக்கும். பிளான்லயே படிக்க சுவாரசியமா இருக்குறது அந்த ஒரு பகுதி தான்.